காஸாவில் பத்து வருஷம்: ஒரு மான்ட்ரியல்காரரும் நம்ம ஊர் சிப்பாய்களும்

செமஸ்டர், குளிர், பனி என்று மூன்றும் சேர்ந்து அமுக்கியதில் இந்தப் பக்கம் வந்து மாசக்கணக்காகிறது. "கடையை மூடிட்டியா?" என்று இரண்டு பேர் தனிமடலில் விசாரித்திருந்தார்கள். அந்த இரண்டு வாசகர்களுக்கும் நன்றி. மொத்தமே இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன் :-)

மூடவில்லை மக்களே. ஒரு டெர்ம் பேப்பர் என்னை உட்கார வைத்துவிட்டது. அரபு - யூதப் பிணக்கைத் தீர்க்க நடந்த சர்வதேச முயற்சிகளில் ஏதாவது ஒன்றை எடுத்து, அது வெற்றியா தோல்வியா என்று வாதாட வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் ஆஸ்லோவை எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் கேம்ப் டேவிட். சாவகாசமாகப் போன எனக்கு மிஞ்சியது 1956. வேண்டா வெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். போகப் போக அதில் மான்ட்ரியலும் வந்தது, இந்தியாவும் வந்தது, கடைசியில் வன்னியும் வந்தது. பேப்பரில் எழுத முடியாததை எல்லாம் இங்கே கொட்டுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சூயஸ்: சுருக்கமாக

1956 ஜூலை 26. எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயைத் தேசியமயமாக்குகிறார். அதுவரை அதில் கல்லா கட்டிக்கொண்டிருந்த பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் அடிவயிறு எரிகிறது. இரண்டு பேரும் இஸ்ரேலோடு ரகசியமாகக் கூடிப் பேசுகிறார்கள். அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் சினாய்க்குள் நுழைகிறது. "ஐயோ சண்டை வந்துவிட்டதே, விலக்கிவிட வருகிறோம்" என்று பிரிட்டனும் பிரான்சும் இரண்டு நாளில் எகிப்து மேல் குண்டு போட ஆரம்பிக்கின்றன. வடிவேலு காமெடியில் கூட இவ்வளவு அப்பட்டமாகச் செய்ய மாட்டார்கள்.

ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ஒன்றும் நகரவில்லை. குண்டு போடுகிறவர்கள் கையிலேயே வீட்டோ இருந்தால் எப்படி நகரும்? விஷயம் பொதுச்சபையின் அவசரக் கூட்டத்துக்குப் போகிறது. நவம்பர் 2 அன்று போர் நிறுத்தம் கேட்டுத் தீர்மானம். அதில் கனடா வாக்களிக்காமல் ஒதுங்குகிறது. "நிறுத்து என்று சொல்வது சரி. நிறுத்தின பிறகு நடுவில் யார் நிற்பது?" என்பதுதான் கனடாவின் வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன் கேட்டதன் சாரம். நவம்பர் 4 அதிகாலைக்குள் அவரே பதிலையும் கொண்டு வந்தார். சண்டையை நிறுத்தவும் மேற்பார்வை பார்க்கவும் ஐ.நா.வின் அவசரகாலப் படை ஒன்றுக்கு 48 மணி நேரத்தில் திட்டம் தர வேண்டும் என்று பொதுச்செயலர் ஹாமர்ஷீல்டைக் கேட்கும் தீர்மானம். ஆதரவு 57, எதிர்ப்பு பூஜ்யம், ஒதுங்கியவர்கள் 19. பிரிட்டனும் பிரான்சும் கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. மூஞ்சியைக் காப்பாற்றிக்கொண்டு வெளியே வர அவர்களுக்கும் ஒரு வாசல் வேண்டியிருந்தது.

பியர்சனுக்கு 1957ல் நோபல் பரிசு கிடைத்தது. சொந்த ஊரில் கிடைத்தது வேறு: "தாய்நாடு பிரிட்டனை நடுத்தெருவில் விட்டுட்டியே" என்ற வசை. அதே 1957ல் அவர் கட்சி தேர்தலில் தோற்றது. டொராண்டோ விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான். அங்கே வந்து இறங்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் காஸா இருப்பது தெரியும்? நானே அவர் யாரோ விமானி என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெஸ்ட்மவுண்டில் பிறந்த சிடுமூஞ்சி

இப்போது மான்ட்ரியல். குய்-கான்கோர்டியா மெட்ரோவில் இறங்கி 165ம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் அது மலைப்பக்கமாக ஏறிப் போகும். இடது கைப் பக்கம் மேட்டில் தெரிவது வெஸ்ட்மவுண்ட். காசுள்ள ஆங்கிலேயக் குடும்பங்களின் பழைய கோட்டை. நம்ம பாஷையில் சொன்னால் போட் கிளப் ஏரியா. அந்த வெஸ்ட்மவுண்டில் 1897ல் பிறந்தவர் ஈ.எல்.எம். பர்ன்ஸ். இரண்டு உலகப் போரிலும் இருந்த மனுஷன். இரண்டாம் போரில் இத்தாலியில் ஒரு கனடியப் படைப்பிரிவுக்கே தளபதி. வேடிக்கை என்னவென்றால் அவருக்கு வாழ்க்கையில் சிரிப்பே வராதாம். அதனால் சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் 'சிரிக்கும் சன்ரே'. சன்ரே என்பது வயர்லெஸ்ஸில் தளபதியைக் குறிக்கும் சங்கேதச் சொல். பட்டப்பெயர் வைப்பதில் சிப்பாய்க்கும் காலேஜ் பசங்களுக்கும் வித்தியாசமே இல்லை.

பர்ன்ஸ் 1954லேயே ஜெருசலேம் போய்விட்டார். 1948 போரின்போது ஐ.நா. அமைத்த போர்நிறுத்தக் கண்காணிப்பு அமைப்பின் தலைவர் வேலை. அது என்ன வேலை தெரியுமா? எல்லையில் யாராவது யாரையாவது கொன்றால் போய்ப் பார்த்து, அளந்து, எழுதி, இரண்டு தரப்புக்கும் நியூயார்க்குக்கும் அனுப்புவது. காஸாவிலிருந்து கிளம்பும் ஃபெதாயின் போராளிகள் ஒரு பக்கம், இஸ்ரேலின் பழிவாங்கும் தாக்குதல்கள் மறுபக்கம். நடுவில் கையில் பேனா மட்டும் வைத்துக்கொண்டு இந்த சிடுமூஞ்சி ஜெனரல். இரண்டு வருஷம் அதைச் செய்தவரைத்தான் 1956 நவம்பர் 5 அன்று புதுப் படைக்குத் தளபதியாகப் போட்டார்கள்.

படையைத் திரட்டிய கதை தனி. பெரிய வல்லரசுகள் யாரும் சேரக்கூடாது. எகிப்து சம்மதித்த நாடுகள்தான் வரலாம். வந்தவை பத்து: பிரேசில், கனடா, கொலம்பியா, டென்மார்க், ஃபின்லாந்து, இந்தியா, இந்தோனேசியா, நார்வே, ஸ்வீடன், யூகோஸ்லாவியா. அதிகபட்சம் சுமார் 6,000 பேர். நீலத் தொப்பி தைக்க நேரம் இல்லை. அமெரிக்க ராணுவத்தின் ஹெல்மெட்டுக்குள் போடும் உட்கூடுகளை எடுத்து நீலப் பெயின்ட் அடித்து மாட்டிவிட்டார்கள். இன்றைக்கு உலகமே அடையாளம் காணும் நீலத்தொப்பி இப்படி அவசரத்துக்குப் பிறந்ததுதான்.

கனடா அனுப்ப நினைத்த காலாட்படையின் பெயர் 'குயின்ஸ் ஓன் ரைஃபிள்ஸ்'. ராணியின் சொந்தத் துப்பாக்கிப் படை! சீருடையும் பிரிட்டிஷ் சாயல். அன்றைய கனடியக் கொடியின் மூலையில் யூனியன் ஜாக் வேறு. "என் மேல் குண்டு போட்டவனும் இவனும் ஒரே மாதிரி இருக்கானே, என் சிப்பாய்க்கு எப்படித் தெரியும்?" என்ற ரீதியில் நாசர் மறுத்தார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் கனடா சிக்னல், போக்குவரத்து, வேவு, விமானம் என்று வேறு பிரிவுகளை அனுப்பியது. பியர்சன் பின்னால் பிரதமரானதும் 1965ல் மேப்பிள் இலைக் கொடியைக் கொண்டுவந்ததற்குப் பின்னால் இந்த சூயஸ் அனுபவமும் இருந்தது என்பார்கள்.

நம்ம சிப்பாய்கள்

இந்தியா பற்றிச் சொல்லாமல் போனால் நம்ம ஆட்கள் அடிக்க வருவார்கள். ஒரு குட்டி பிளாஷ்பேக். 1947ல் பாலஸ்தீனத்தை என்ன செய்வது என்று பார்க்க ஐ.நா. 11 நாடுகளின் குழு ஒன்றை அமைத்தது. கனடா சார்பில் ஐவன் ராண்ட் என்ற உச்சநீதிமன்ற நீதிபதி, இந்தியா சார்பில் அப்துர் ரஹ்மான் என்ற நீதிபதி. கனடா உட்பட ஏழு நாடுகள் "இரண்டாகப் பிரி" என்றன. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் "பிரிக்காதே, ஒரே கூட்டாட்சியாக வை" என்றன. அறிக்கை தயாரான மாதம் எது என்று பாருங்கள்: 1947 ஆகஸ்ட். பஞ்சாப் பற்றி எரிந்துகொண்டிருந்த மாதம். பிரிவினை என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லாத ஒரே நாடு இந்தியாதான். நவம்பர் 29 அன்று பொதுச்சபையில் பிரிவினைக்கு ஆதரவு 33, எதிர்ப்பு 13. கனடா ஆதரவு, இந்தியா எதிர்ப்பு.

ஒன்பது வருஷம் கழித்து, எதிரெதிராக ஓட்டுப் போட்ட அந்த இரண்டு நாட்டுச் சிப்பாய்களும் ஒரே நீலத்தொப்பியோடு காஸா எல்லையில் நின்றார்கள். பர்ன்ஸுக்கு அடுத்து 1959ல் தளபதியானவர் பி.எஸ். கியானி என்ற இந்தியர். கடைசித் தளபதி இந்தர் ஜித் ரிக்யே, அவரும் இந்தியர். 1960ல் நேரு காஸாவுக்கே போய்ப் படையைப் பார்த்துவிட்டு வந்தார்.

என்ன செய்தார்கள் அங்கே? காஸாவைச் சுற்றி 59 கிலோமீட்டர் கோடு. ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியும்படி 72 காவல் சாவடிகள். பகலில் சாவடி, ராத்திரியில் ரோந்து. தற்காப்புக்குத் தவிர சுடக்கூடாது. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' பத்து வருஷம் பலித்தது. அந்தக் கோட்டில் அதற்கு முன் வாடிக்கையாக இருந்த ஊடுருவலும் பழிவாங்கலும் ஏறக்குறைய நின்றுபோயின. இரண்டு பக்கமும் விவசாயி வயலுக்குப் போய்த் திரும்பி வந்தான்.

1967 மே

ஆனால் ஒரு ஓட்டை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. தன் மண்ணில் ஐ.நா. படை நிற்க இஸ்ரேல் சம்மதிக்கவே இல்லை. ஆகவே படை கோட்டின் ஒரு பக்கம் மட்டும், அதாவது எகிப்து பக்கம் மட்டும் நின்றது. எகிப்து சம்மதித்ததால் வந்தார்கள். எகிப்து வேண்டாம் என்றால்?

1967 மே 16 அன்று ராத்திரி எகிப்தின் கடிதம் ரிக்யே கைக்கு வந்தது: எல்லைச் சாவடிகளைக் காலி செய்யவும். பொதுச்செயலர் ஊ தாண்ட் 18ம் தேதி ஒப்புக்கொண்டார். அவசரப்பட்டுவிட்டார் என்று இன்றுவரை திட்டுகிறார்கள். கனடா அப்போதே வேண்டாம் என்று வாதாடியது. ஆனால் படையில் பெரிய பங்கு வைத்திருந்த இந்தியாவும் யூகோஸ்லாவியாவும் "வீட்டுக்காரர் போகச் சொன்னால் போவோம்" என்று சொல்லிவிட்டன. "அப்படியானால் உங்கள் பக்கம் வந்து நிற்கட்டுமா?" என்று ஊ தாண்ட் இஸ்ரேலைக் கேட்டார். மாட்டோம் என்றார்கள். பத்து நாளில் எகிப்து கனடியர்களை மட்டும் தனியாகப் பிரித்து 48 மணி நேரத்தில் வெளியேறச் சொன்னது.

அதே மே மாதம் மான்ட்ரியல் எப்படி இருந்தது தெரியுமா? எக்ஸ்போ 67 ஏப்ரல் கடைசியில்தான் திறந்திருந்தது. செயின்ட் லாரன்ஸ் நதித் தீவுகளில் உலகமே கூடாரம் போட்டிருக்க, இஸ்ரேலின் அரங்கும் எகிப்தின் அரங்கும் அங்கே இருந்தன. ஜனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு இரண்டையும் சுற்றிப் பார்த்தார்கள். ஜூன் 5 அன்று போர் வெடித்தது. கப்பலுக்காகக் காத்திருந்த இந்தியச் சிப்பாய்கள் பலர் காஸாவில் இஸ்ரேலின் தாக்குதலில் செத்தார்கள். வீட்டுக்குப் போக மூட்டை கட்டியிருந்தவர்கள். ஆறே நாளில் காஸா, சினாய், மேற்குக்கரை, கிழக்கு ஜெருசலேம், கோலான் எல்லாம் கைமாறின. இன்றைக்கு நாம் டிவியில் பார்க்கிறதில் பாதி அந்த ஆறு நாளின் மிச்சம்.

போர் நடந்துகொண்டிருந்தபோதே இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் அபா எபன் ஐ.நா.வில் கேட்டார்: மழை ஆரம்பித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடும் குடையால் என்ன பிரயோஜனம்? கேட்க நல்ல கேள்விதான். ஆனால் தன் தலைக்கு மேல் அந்தக் குடையைப் பிடிக்கவே விடமாட்டேன் என்றதும் அவர்கள்தானே? மடக்கச் சொன்னவர் நாசர், பிடிக்க விடாதவர்கள் இவர்கள், திட்டு மட்டும் குடைக்கு.

அந்த வார்த்தை

இதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை கோட் டெ நேஜ் பக்கம் ஒரு தமிழ்க் கடைக்கு அரிசி வாங்கப் போயிருந்தேன். என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு கடைக்கார அண்ணன், "என்ன தம்பி படிக்கிறியள்?" என்றார்.

"அமைதிப்படை பத்திண்ணே."

பில் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "எங்கட ஊருக்கு வந்ததோ?"

"இல்லண்ணே, காஸாவுக்குப் போனது."

"அப்ப சரி. அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு ஒரு மாதிரி."

தமிழ்நாட்டில் வளர்ந்த என் வயசுக்காரனுக்கு அமைதிப்படை என்றால் முதலில் ஞாபகம் வருவது சத்யராஜ் படம். அவருக்கு 1987. ஒரே பாஷை, ஒரே வார்த்தை. இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போனது ஐ.நா. படையாக அல்ல, இரண்டு அரசாங்கம் போட்ட ஒப்பந்தத்தில். போனது விலகி நின்று வேடிக்கை பார்க்கும் தூரத்து நாடும் அல்ல. கணக்கு வழக்குள்ள பக்கத்து வீடு. சில மாதத்திலேயே நடுவில் நிற்க வந்த படை ஒரு தரப்போடு சண்டைக்காரனாக மாறியது. வல்லரசும் வேண்டாம், சொந்த ஆதாயம் உள்ளவனும் வேண்டாம் என்று 1956ல் ஏன் அவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்தக் கடையில் நின்ற கை போதுமாக இருந்தது.

அண்ணன் அதோடு விடவில்லை. "2008ல கிளிநொச்சியில இருந்து யூஎன் வெளிக்கிடேக்க சனம் கேற்றடியில நிண்டு போகாதேங்கோ எண்டு கேட்டது. என்ர அக்காவும் அதுக்குள்ள நிண்டவ. அவங்கள் நிண்டிருந்தாலும் பெரிசா என்ன செய்திருப்பாங்கள் தம்பி? ஆனா பாக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்."

2002 பிப்ரவரி 22ல் கையெழுத்தான போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க நார்வே தலைமையில் ஐந்து நார்டிக் நாடுகள் வந்தன. இவற்றில் நான்கு நாடுகள் 1956ல் காஸாவிலும் நின்றவை. ஐஸ்லாந்து மட்டும் புதுசு. நார்வேக்கு ஆஸ்லோ ஒப்பந்தப் பெருமை வேறு. ஆயுதம் இல்லாத கண்காணிப்பாளர்கள். பர்ன்ஸ் ஜெருசலேமில் பார்த்த அதே பேனா வேலை. 2006ல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றியத்தின் உறுப்பினர்களான ஸ்வீடன், ஃபின்லாந்து, டென்மார்க் போக வேண்டும் என்றார்கள் புலிகள். போனார்கள். 2008 ஜனவரியில் இலங்கை அரசு ஒப்பந்தத்திலிருந்தே விலகியது. மிச்சம் இருந்தவர்களும் போனார்கள். அந்த செப்டம்பரில் அரசு சொன்னபடி ஐ.நா. ஊழியர்களும் வன்னியை விட்டுக் கிளம்பினார்கள். 2009 மே வரை நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. காஸாவில் மூன்று வாரத்தில் நடந்தது இங்கே மூன்று வருஷமாக இழுத்து நடந்தது. கண்காணிப்பவன் கிளம்புவதுதான் அடுத்து வரப்போவதற்கு முதல் அறிகுறி.

மலைக்கு இந்தப் பக்கம்

மான்ட்ரியலில் இந்தப் பிணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. 2002 செப்டம்பரில் கான்கோர்டியாவில் நெதன்யாகு பேச வந்து, கண்ணாடிகள் உடைந்து, கூட்டம் ரத்தானது. 2024ல் மெக்கில் புல்வெளியில் ஏப்ரல் கடைசி முதல் ஜூலை வரை மாணவர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். செய்தியில் வருவது இதெல்லாம்.

செய்தியில் அதிகம் வராத ஒன்று: ஜிம் டோர்சைனர் என்ற மெக்கில் சமூகப்பணிப் பேராசிரியர். எழுபதுகளில் கோட் டெ நேஜில் 'ப்ராஜெக்ட் ஜெனிசிஸ்' என்ற உதவி மையத்தை ஆரம்பித்தவர். வீட்டுக்காரன் ஹீட்டர் போட மாட்டேன் என்கிறானா, அரசு உதவித்தொகை நின்றுவிட்டதா, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கேட்கலாம். யார், என்ன மதம் என்று கேட்க மாட்டார்கள். தொண்ணூறுகளில் அவர் இந்த மாதிரியையே மத்திய கிழக்குக்குக் கொண்டுபோனார். இஸ்ரேலியர், பாலஸ்தீனர், ஜோர்டானியர் மூன்று பேரும் மான்ட்ரியல் வந்து ஒன்றாக முதுகலை படிப்பார்கள். திரும்பிப் போய் ஜெருசலேம், நாப்லஸ், அம்மான் போன்ற ஊர்களில் இதே மாதிரி மையம் நடத்துவார்கள். எல்லைக்கோடு எங்கே என்று அவர்கள் பேசித் தீர்க்கவில்லை. தண்ணீர் பில், வாடகை, ஊனமுற்றோர் உதவித்தொகை என்று ஏழைகளின் வழக்கைப் பிடித்தார்கள். இது சமாதானமா என்று கேட்டால் இல்லை. 1957க்கும் 1967க்கும் நடுவில் கிடைத்த மாதிரி ஒரு பத்து வருஷம் சும்மா கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு பதில், அவ்வளவே.

ஏனென்றால் என் பேப்பரின் முடிவு அங்கேதான் வந்து நின்றது. காவல் நின்ற சிப்பாய் அவன் வேலையைச் செய்தான். அவன் வாங்கிக் கொடுத்த பத்து வருஷத்தில் பேச வேண்டியவர்கள் பேசவில்லை. அகதி முகாம் அகதி முகாமாகவே இருந்தது. 2002க்குப் பிறகு நம்ம கதையிலும் அதேதான்: சுற்றுச் சுற்றாகப் பேசினார்கள், எதைப் பேச வேண்டுமோ அதைத் தள்ளிப்போட்டார்கள்.

2025 நவம்பரில் பாதுகாப்புச் சபை 2803ம் தீர்மானத்தின் மூலம் காஸாவுக்கு மறுபடி ஒரு சர்வதேசப் படைக்கு அனுமதி கொடுத்தது. 13 நாடு ஆதரவு. ரஷ்யாவும் சீனாவும் ஒதுங்கின. இந்தத் தடவை நீலத்தொப்பி இல்லை, கொண்டுவந்ததே ஒரு வல்லரசு. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் அதே சபை, லெபனானில் 1978லிருந்து நிற்கும் ஐ.நா. படைக்கு 2026 டிசம்பர் 31 கடைசி நாள் என்று குறித்தது. இந்தச் செய்திகளைப் படிக்கும்போது நான் இப்போது மூன்று கேள்வி வைத்துக்கொண்டு படிக்கிறேன். கோட்டின் இரண்டு பக்கமும் நிற்பார்களா? வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் யார் கையில்? அவர்கள் நிற்கிற நேரத்தில் மேஜையில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

பேப்பருக்கு பி பிளஸ். "வெற்றியா தோல்வியா என்று கடைசிவரை தெளிவாகச் சொல்லவில்லை" என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு. நியாயம்தான். 59 கிலோமீட்டரில் பத்து வருஷம் சாகாமல் இருந்தவர்களைக் கேட்டால் வெற்றி என்றிருப்பார்கள். நான் அவர்கள் பக்கம்.

அடுத்த பதிவு கண்டிப்பாக இவ்வளவு நீளம் இருக்காது. பனியில் வழுக்காமல் நடப்பது எப்படி என்று ஒரு கள ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது, முட்டி இரண்டும் சாட்சி.